அறிவு விளையாட்டுக்கு ஆளில்லையா?

"மக்கள் விரும்புவதையே நாங்கள் தருகிறோம்" என்பது தொலைக்காட்சி முதலாளிகளின் நெடுநாளைய வாய்ப்பாடு. சிந்திக்க வைக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர் இல்லை. நாள் முழுவதும் உழைத்துக் களைத்து வீடு திரும்புகிறவருக்கு அழுகையும் சண்டையும் ஆட்டமும் பாட்டும் போதும். வினாடி வினாவும் சொல் விளையாட்டும் படித்த நடுத்தர வர்க்கத்தாரின் பொழுதுபோக்கு என்று அவர்கள் சொல்கிறார்கள். இதே வாய்ப்பாட்டை நம்மவர்களில் சிலரும் திருப்பிச் சொல்வதுதான் வருந்தத்தக்கது. பண்பாடு பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் "மக்களின் ரசனை கெட்டுவிட்டது" என்ற பெருமூச்சோடு அதை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. ரசனை தானாகக் கெட்டதா, யாரேனும் கெடுத்தார்களா, உண்மையில் கெட்டுத்தான் போயிற்றா என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் விடை வேறாக இருக்கும்.

புத்தகமே பரிசு

கோலார் தங்கவயலுக்கு அருகிலுள்ள பூதிகோட்டையிலிருந்து இதை எழுதுகிறேன். ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு குறிக்கும் இச்சிற்றூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது என நான்கு மொழிகளும் அருகருகே புழங்குகின்றன. இங்குள்ள வீடுகளில் தூர்தர்ஷனின் சந்தனா அலைவரிசையைப் பார்க்கிறவர்களுக்கு 'தட் அந்த ஹேளி' என்ற பெயர் அந்நியமன்று. 'சட்டென்று சொல்லுங்கள்' என்று அதற்குப் பொருள். 2002 ஜனவரியில் தொடங்கிய இந்தக் கன்னட வினாடி வினாவை நடத்துபவர் மருத்துவரான டாக்டர் நா. சோமேஸ்வர. 3000 நிகழ்வுகளை என்றோ கடந்துவிட்ட இந்நிகழ்ச்சி, இந்தியத் தொலைக்காட்சியின் மிக நீண்டகால வினாடி வினாக்களில் ஒன்று.

அதன் அமைப்பு மிக எளியது. போட்டியாளர்கள் வந்து அமர்கிறார்கள். மொழி, இலக்கியம், வரலாறு, அறிவியல், உடல்நலம் எனக் கேள்விகள் வருகின்றன. சரியான விடைக்குப் பரிசு ஒரு கன்னடப் புத்தகம். கோடி ரூபாய் இல்லை, கார் இல்லை, கண்ணைப் பறிக்கும் ஒளிவிளக்கு இல்லை, போட்டியாளரின் வறுமையைக் கிளறிக் கண்ணீர் வரவழைக்கும் முன்கதைப் படமும் இல்லை. விடை சொன்ன பிறகு அந்த விடைக்குரிய விளக்கத்தை நடத்துநர் பொறுமையாகச் சொல்கிறார்.

எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் முதியவர்கள் பலர் கன்னட எழுத்தைக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுவார்கள். அவர்களும் இந்நிகழ்ச்சியைப் பார்த்தபடி தமிழில் விடை சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மொழியின் பெயரால் உழைப்பாளிகளைப் பிரித்து நிறுத்த ஆட்கள் அலைகிற இந்நாட்களில், அயல்மொழிக் கேள்விக்குத் தாய்மொழியில் விடை சொல்லும் அந்தக் குரலை நாம் எளிதில் கடந்துவிடக் கூடாது.

விளம்பர வருவாயை மட்டுமே கணக்கிடும் எந்தத் தனியார் நிறுவனமும் இத்தகைய நிகழ்ச்சியை 20 ஆண்டுகள் நடத்தியிருக்காது. பொது ஒளிபரப்பு என்ற ஒன்று இருந்ததனால், அதற்குள் இதற்கு இடம் கொடுத்த சிலர் இருந்ததனால், இது நடந்தது. இடம் கிடைத்தது, பார்வையாளர்கள் வந்தார்கள். நிகழ்ந்த வரிசை இதுதான்.

கோடியின் வரலாறு

தனியார் தொலைக்காட்சி அறிவைத் தொடவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1998இல் பிரிட்டனில் தோன்றிய ஒரு நிகழ்ச்சியின் வார்ப்பில் 2000 ஜூலையில் இந்தியில் 'கோன் பனேகா குரோர்பதி' தொடங்கியது. தமிழில் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' வந்தது. 2012இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', அதன் பின்னர் அதே நிகழ்ச்சியின் அடுத்த பருவங்களில் பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி எனத் தொடர்ந்தது. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கென்றே ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' வந்தது. இந்தியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அதே வார்ப்பு தமிழில் சில பருவங்கள் வந்து வந்து நின்றது.

இவற்றை முற்றாகப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி'யில் ஒரு கோடி ரூபாயை வென்றவர் மதுரையைச் சேர்ந்த ஓர் இளம்பெண். செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்ற அவர் 15 கேள்விகளையும் கடந்து வென்றபோது, ஊனமுற்றோரைக் குறித்துச் சமூகம் கட்டி வைத்திருந்த மதிப்பீடுகள் ஓர் இரவில் ஆட்டம் கண்டன. விகாஸ் ஸ்வரூப் எழுதிய நாவலும் அதையொட்டி 2008இல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படமும் எழுப்பும் கேள்வியும் இதுவே. சேரியில் வளர்ந்தவன் சரியான விடைகளைச் சொன்னால், ஏமாற்றித்தான் சொல்லியிருப்பான் என்று காவல்துறை முடிவு செய்கிறது. ஏழைக்கும் அறிவு உண்டு என்பதை ஆளும் வர்க்கத்தால் எளிதில் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

ஆயினும் இந்நிகழ்ச்சிகளின் அச்சு அறிவன்று, பணம். கேள்வி என்பது பணப்படிக்கட்டில் ஏறுவதற்கான ஒரு சாக்கு. அரை மணி நேரத்தில் சில கேள்விகளே கேட்கப்படுகின்றன. மீதி நேரத்தைப் போட்டியாளரின் கடன், நோய், கண்ணீர் ஆகியவை நிரப்புகின்றன. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வேலையும் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் தேவைப்பட்டிராத ஒரு கோடியை, கோடிக்கணக்கானவர்களில் ஒருவருக்குக் கொடுத்து, மற்றவர்களைக் கைதட்ட வைப்பது அதன் தந்திரம்.

எண்ணுகிறவர் யார்?

பார்வையாளர் உண்டா இல்லையா என்பதை இந்நாட்டில் முடிவு செய்வது டிஆர்பி எனப்படும் அளவீடு. ஒளிபரப்பாளர்கள், விளம்பரதாரர்கள், விளம்பர முகமைகள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து அமைத்த பார்க் நிறுவனம் இதைச் செய்கிறது. நாட்டிலுள்ள சுமார் 21 கோடித் தொலைக்காட்சி வீடுகளின் சார்பாக, ஏறத்தாழ 55,000 வீடுகளில் மீட்டர் பொருத்தி அளக்கிறார்கள். சுமார் 3,800 வீடுகளுக்கு ஒரு வீடு. இந்த அளவீட்டில் முறைகேடு நடந்ததாக 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை வழக்குப் பதிந்ததைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மாதிரிக் கணக்கெடுப்பு என்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். எதற்காகப் பதம் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை அந்த மீட்டர் சொல்லும். அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடியதா என்பதைச் சொல்லாது. விளம்பரதாரருக்கு வேண்டியது பொருள் வாங்கக்கூடிய கண்கள். வாங்கும் சக்தியற்ற ஆயிரம் பேர் ஒரு நிகழ்ச்சியை உயிராக நேசித்தாலும் அந்தக் கணக்கில் அவர்கள் பார்வையாளர்களே அல்லர். "ஆளில்லை" என்ற சொல்லுக்கு "எங்களுக்கு விற்கத்தக்க ஆளில்லை" என்பதே சரியான மொழிபெயர்ப்பு.

இதற்கு ஒரு சான்று போதும். 2007இல் ஸ்டார் நிறுவனம் 'கோன் பனேகா குரோர்பதி'யுடன் சேர்த்து, வீட்டிலிருப்போர் குறுஞ்செய்தி மூலம் விடை அனுப்பும் போட்டி ஒன்றை நடத்தியது. ஒரு குறுஞ்செய்திக்கு ரூ.2.40. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வந்து குவிந்தவை சுமார் 5.8 கோடிச் செய்திகள். வசூலானது 13.92 கோடி ரூபாய். பரிசாகக் கொடுக்கப்பட்டது 1.04 கோடி. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் இதைக் கண்டித்து ஸ்டார், ஏர்டெல் நிறுவனங்களுக்கு ஒரு கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பரிசுத்தொகை குறுஞ்செய்தி வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி உச்சநீதிமன்றம் பின்னர் அதை ரத்து செய்தது. சட்டத்தின் முடிவு அதுவாக இருக்கட்டும். ஒரு கேள்விக்கு விடை சொல்லும் வாய்ப்புக்காக, தம் கைப்பணத்தைச் செலவிட்டு 5.8 கோடி முறை மக்கள் பதில் அனுப்பியிருக்கிறார்கள். இந்த நாட்டில் அறிவு விளையாட்டுக்கு ஆளில்லை என்று இனி யாரும் சொல்ல முடியுமா?

குறுஞ்செய்திக்கு முன்பு அஞ்சலட்டை இருந்தது. 1990களில் தூர்தர்ஷனில் சித்தார்த் காக்கும் ரேணுகா சஹானேயும் நடத்திய 'சுரபி'யில் வாரந்தோறும் இந்தியப் பண்பாடு குறித்து ஒரு கேள்வி கேட்கப்படும். ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதங்கள் வந்து சேர்ந்தன. 15 காசு அட்டைகளின் சுமையைத் தாங்கமாட்டாமல் அஞ்சல் துறை, போட்டிகளுக்கென்றே 2 ரூபாயில் தனி அட்டை வெளியிட நேர்ந்தது. வானொலி ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது, கேட்பவரையும் பேசவைக்கும் கருவியாக மாற வேண்டும் என்று பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வலியுறுத்தினார். தொலைக்காட்சியின் வடிவங்களில் அந்தக் கனவுக்கு மிக அருகில் வருவது வினாடி வினா. தொடர் நாடகத்தின் முன் நாம் வாய் மூடி அமர்ந்திருக்கிறோம். கேள்வியின் முன் அப்படி இருக்க முடிவதில்லை.

வேறு வழிகள் இருந்தன

விளம்பரதாரர் கையில் அறிவு சிக்கினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா முன்பே காட்டியது. 1950களில் அங்கே புகழ்பெற்ற 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியை ஒரு சத்து மருந்து நிறுவனம் பணம் கொடுத்து நடத்தியது. பார்வையாளரைக் கவரும் முகம் வேண்டும் என்பதற்காகச் சார்லஸ் வான் டோரன் என்ற பேராசிரியருக்கு விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. அவரிடம் தோற்க வேண்டிய ஹெர்பர்ட் ஸ்டெம்பல், தமக்கு நன்கு தெரிந்த கேள்விக்கே தவறான விடை சொல்லுமாறு பணிக்கப்பட்டார். 1959இல் வான் டோரன் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார்.

சோவியத் ஒன்றியத்தில் 1975இல் விளாதிமிர் வரஷீலவ் தொடங்கிய 'என்ன? எங்கே? எப்போது?' வேறு பாதையில் சென்றது. ஆறு பேர் கொண்ட குழு ஒரு மேசையைச் சுற்றி அமரும். நாடெங்குமிருந்து பார்வையாளர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு நிமிடம் கூடி விவாதித்து விடை காணும். வெறும் நினைவாற்றல் அங்கே போதாது. துப்புகளைக் கோத்து ஆராய வேண்டும். போட்டி, தனிமனிதருக்குள் நடந்ததன்று. பார்வையாளர்களுக்கும் குழுவுக்கும் இடையே நடந்தது. பரிசு, புத்தகங்கள். 1991இல் சோவியத் வீழ்ந்தபோது இந்நிகழ்ச்சியும் 'அறிவுச் சூதாட்டக் கூடம்' ஆகி, மேசையின் மேல் பணம் வந்து அமர்ந்தது. ஒரு சமூகம் திசை மாறியதை அறிய, அதன் வினாடி வினாவில் பரிசு என்ன என்று பார்த்தாலே போதும்.

கியூபாவில் 1969இல் தொடங்கிய 'எஸ்கிரிபா இ லேயா' இன்னொரு முன்மாதிரி. 'எழுதுங்கள், படியுங்கள்' என்பது அதன் பொருள். வரலாற்று மனிதர்களையும் நிகழ்வுகளையும் பார்வையாளர்கள் எழுதியனுப்ப, பேராசிரியர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டு அவற்றைக் கண்டறிவார்கள். எழுத்தறிவு இயக்கத்தின் வழியே 1961இல் ஒரே ஆண்டில் கல்லாமையைத் துரத்திய நாட்டில் இத்தகைய நிகழ்ச்சி பல பத்தாண்டுகள் நிலைத்ததில் வியப்பில்லை.

அவ்வளவு தொலைவு போகாமல் கேரளத்தையே பார்க்கலாம். இடதுசாரிகளின் முன்முயற்சியில், லட்சக்கணக்கான சாதாரண மலையாளிகளின் சிறு பங்குகளைக் கொண்டு 2000 ஆகஸ்டில் தொடங்கிய கைரளி தொலைக்காட்சியில், ஜி.எஸ். பிரதீப் நடத்திய 'அஸ்வமேதம்' ஒரு காலத்தில் வீடுதோறும் பேசப்பட்டது. அங்கே விடையை மனத்தில் வைத்திருப்பவர் போட்டியாளர். ஆம், இல்லை என்ற பதில்களை மட்டும் கொண்டு 21 கேள்விகளுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நடத்துநர். சாதாரண மனிதர் முன்னே அமர்ந்திருக்க, அறிஞர் தேர்வு எழுதுகிற அந்தத் தலைகீழ் அமைப்பே அதன் ஈர்ப்பு.

மனப்பாடம்தானே என்கிற தோழருக்கு

"வினாடி வினா என்பது மனப்பாடம், அது சிந்தனையை வளர்ப்பதில்லை, போட்டித் தேர்வு மனநிலையைத்தான் வளர்க்கிறது" என்று நம் தோழர்களில் சிலர் வாதிடலாம். வாதத்தில் நியாயம் உண்டு. எந்த நாட்டின் தலைநகர் எது என்று ஒப்பிப்பதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் குறை வடிவத்திலா, கேள்வியிலா?

எங்கள் ஊரையொட்டியே ஒரு கேள்வி கேட்கிறேன். சிவசமுத்திரத்தில் உற்பத்தியான நீர்மின்சாரம் 1902இல் முதன்முதலில் எங்கே அனுப்பப்பட்டது? கோலார் தங்கவயலுக்கு. இது நினைவாற்றல். பெங்களூரின் தெருக்களுக்கு 1905இல்தான் மின்விளக்கு வந்தது; தலைமை நகரங்களை விட்டுவிட்டு இத்தனை தொலைவு கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு முதலில் கொடுத்தது ஏன்? இப்போது விடை சொல்ல ஜான் டெய்லர் கம்பெனியைப் பேச வேண்டும்; லண்டன் பங்குதாரரைப் பேச வேண்டும்; இங்கே வெட்டிய தங்கம் எங்கே போனது என்று பேச வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கியவனின் வீட்டுக்கு அந்த விளக்கு எப்போது வந்தது என்றும் கேட்க வேண்டும். நினைவில் தொடங்கி அரசியல் பொருளாதாரத்தில் முடிகிற கேள்வி இது. இத்தகைய கேள்விகளைத் தொகுக்க வல்லவர்கள் நம்மிடையே ஏராளம். அவற்றைக் கேட்க ஒரு மேடைதான் இல்லை.

உழைப்பாளிக்கு அறிவு விளையாட்டு ஒட்டாது என்பவர்கள் தங்கவயலின் வரலாற்றை அறியாதவர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைப் படித்தும் பொருளுதவி செய்தும் தாங்கியவர்களில் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் முன்னணியில் நின்றார்கள். வாசகர்கள் தம் ஐயங்களை எழுதிக் கேட்பதும் பண்டிதர் விடையிறுப்பதும் அவ்விதழின் வழக்கம். பின்னர் 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை நடத்தினார். இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. சாதியின் பெயரால் கல்வி மறுக்கப்பட்டவர்கள், பாறையை உடைத்துத் திரும்பிய மாலைகளில் வரலாற்றையும் சொல்லாராய்ச்சியையும் விவாதித்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அழுகைத் தொடர் மட்டுமே செரிக்கும் என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

மாலை யாருடையது?

ஒரு நெருக்கடி மட்டும் உண்மையானது, அதை மறைப்பதற்கில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலிலும் பங்காரப்பேட்டைச் சுற்றுவட்டாரத்திலும் வாழும் ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். அவர்களுக்கு மாலை என்ற ஒன்றே இல்லை. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் அன்றைய பாஜக அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வேலை நாளை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழி செய்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஏப்ரலில் நிறைவேறிய இத்தகைய மசோதாவைத் தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எதிர்த்து நின்று திரும்பப் பெற வைத்தார்கள்.

எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தை ஊதியக் கணக்காக மட்டும் பார்க்கிறவர்கள் அதன் பாதியையே பார்க்கிறார்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம் போக எஞ்சுகிற எட்டு மணி நேரம் மனிதன் மனிதனாக வளர்வதற்கானது. அதில் நான்கை ஆலை முதலாளி பறிக்கிறான். பயணம் இரண்டைத் தின்கிறது. மிச்சத்தைத் தொலைக்காட்சி முதலாளி விளம்பரதாரனுக்கு விற்கிறான். களைப்பை உண்டாக்கியவர்களே "களைத்தவனுக்கு இதுதான் பிடிக்கும்" என்று தீர்ப்பும் எழுதுகிறார்கள். விஜய்யும் கலர்ஸ் தமிழும் 2024 நவம்பர் முதல் ரிலையன்ஸ்-டிஸ்னி கூட்டின் கீழ் ஒரே கூடாரத்துக்குள் வந்துவிட்டன. ஆலையும் தொலைபேசியும் திரையும் ஒரே குடும்பத்தின் கையில் சேர்கிற காலத்தில் ரசனை பற்றிய கேள்வி, உடைமை பற்றிய கேள்வியே.

செய்யத்தக்கவை

தூர்தர்ஷன் மக்களின் வரிப்பணத்தில் இயங்குவது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாறிய அலைவரிசையில், சந்தனாவில் நடப்பதுபோல் நாள்தோறும் ஒரு தமிழ் வினாடி வினா வேண்டும். பரிசு தமிழ் நூல்களாக இருக்க வேண்டும் என்று நாம் கோர வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஓர் அரங்கமும் நல்ல கேள்வி தயாரிப்போரும் போதும். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வழியாக அது ஏழை வீட்டுக்கும் எட்டும். தமிழ்நாடு அரசு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பாடத்திட்டத்தோடு நின்றுவிடாமல், பள்ளியை விட்டு வெளியேறிய உழைப்பாளிகளையும் போட்டியாளர்களாக அழைக்க வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடிவதில்லை. 1987 முதல் வெளிவரும் 'துளிர்' இதழைச் சூழ்ந்து அறிவியல் இயக்கத் தோழர்கள் பள்ளிப் பிள்ளைகளிடையே வளர்த்திருக்கும் அனுபவம் நம் கைவசம் உண்டு. அதைப் பெரியவர்களிடமும் கொண்டு செல்லலாம். தொழிற்சங்க அலுவலகத்தில், படிப்பகத்தில், மே தின மாலையில், மாதர் சங்கக் கூட்டத்தின் முடிவில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கேள்விகளைத் தலைவர்கள் தயாரிக்க வேண்டாம். உறுப்பினர்களே எழுதிக் கொண்டுவரட்டும். விவசாயி கிணற்றைப் பற்றிக் கேட்கட்டும். கட்டடத் தொழிலாளி அளவைப் பற்றிக் கேட்கட்டும். அங்கன்வாடித் தோழர் குழந்தையின் எடையைப் பற்றிக் கேட்கட்டும். விடை தெரியாமல் மாவட்டச் செயலாளர் தலையைச் சொறிந்தால் அதனால் கட்சிக்கு நட்டமில்லை. கூட்டத்துக்கு வருவோர் எண்ணிக்கை கூடும். பரிசாக நம் பதிப்பகங்களின் நூல் ஒன்றைக் கொடுங்கள். அந்த நூல் ஒரு வீட்டுக்குள் நுழையும்.

மக்களுக்கு அறிவில் நாட்டமில்லை என்று நம்புகிறவர் மக்களை நம்பாதவர். மக்களை நம்பாதவர் சுவரொட்டி ஒட்டலாம், கூட்டம் கூட்டலாம். இயக்கம் கட்ட முடியாது. கேள்வி கேட்டால் விடை சொல்ல ஆள் உண்டு என்பதை அஞ்சலட்டைகளும் குறுஞ்செய்திகளும் சந்தனாவின் இருபதாண்டுகளும் காட்டியிருக்கின்றன. இனிக் கேட்க வேண்டியவர்கள் நாம்.